மேடையில் மூன்று நாற்காலி, அறையில் ஒரு உலை

(பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தொடங்கியிருக்கும் சமய உரையாடல் வட்டத்தின் முதல் கூட்டத்தில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேசியவரின் பெயரை வெளியிடாததற்கான காரணம் உரையிலேயே இருக்கிறது.)



மதங்களுக்கிடையே உரையாடல் என்ற தலைப்பில் பேச வரணும்னு நீங்க கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். ஏன்னா, இதே தலைப்பில் முதன்முதலாக என்னைப் பேசக் கூப்பிட்ட கூட்டத்தில், காய்ச்சல்னு பொய் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தவன் நான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1998. நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. அதற்கு முந்தைய நவம்பர், டிசம்பரில் கோயம்புத்தூரில் கலவரம். 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று அதே ஊரில் தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் செத்தார்கள். முஸ்லிம் பெயர் வைத்திருந்த ஒவ்வொரு மாணவனையும் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. இந்தச் சூழலில் எங்கள் பல்கலைக்கழகத்தில் மார்ச் மாதம் ஒரு மத நல்லிணக்க விழா ஏற்பாடு செய்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். அதை நான் குறை சொல்லவில்லை.

மேடையில் மூன்று நாற்காலி. ஒரு மடத்துச் சாமியார், ஒரு பாதிரியார், ஒரு ஹாஜியார். அவர்களுக்குப் பிறகு மதத்துக்கு ஒருவர் என்று மூன்று மாணவர்கள் பேசவேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடுவேன் என்பது பேராசிரியர் ஒருவருக்குத் தெரியும். "கிறிஸ்தவத்தின் சார்பாக நீ பேசுப்பா" என்றார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. பேசத் தெரியாத பயம் இல்லை அது. என் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருந்தது. நான் அந்தத் துறையில் சேர்ந்திருந்தது பட்டியல் சாதிக்கான இடத்தில்.

எங்க வீட்டுக் கதையைச் சொன்னால்தான் இது புரியும். எங்க காலனியில் முப்பது வீடு. அப்பாயி வேளாங்கண்ணிக்கும் நடந்து போவாங்க, மாரியம்மனுக்கும் கூழ் ஊத்துவாங்க. பெரியப்பா வீடு முழுக் கிறிஸ்தவம். அம்மா வழியில் எல்லாரும் இந்து. எனக்கு ஞானஸ்நானமும் ஆச்சு, காதுகுத்தும் ஆச்சு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரே அப்பாகிட்ட சொல்லியிருக்கார்: "கோயில் பேரைப் போடாதய்யா, பையன் நாளைக்கு வேலைக்குப் போகணும்ல." அன்றைக்கு எனக்கு ரெண்டு பேர் வந்தது. ஒன்று பங்குப் பதிவேட்டில், இன்னொன்று பள்ளிப் பதிவேட்டில்.

இப்போது மேடையேறி, துண்டறிக்கையில் பேர் வந்து, யாராவது ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டால் போதும். இடம் போகும். நாளைக்கு எழுதப்போகிற தேர்வுகள் போகும். அதனால்தான் காய்ச்சல்.

எனக்குப் பதிலாக வேறொரு மாணவர் பேசினார். நல்லாப் பேசினார். கிறிஸ்துவுக்குள் அடிமையும் இல்லை, ஆண்டையும் இல்லை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவருடைய ஊர் எனக்குத் தெரியும். அந்த ஊர்க் கோயிலில் எங்க ஆட்கள் உட்காரத் தனிப் பக்கம். கல்லறையில் நடுவே சுவர். செத்தவன் எழுந்து வந்து தீட்டுப்படுத்திவிடுவான் என்று கட்டிய சுவர். எழுந்து நின்று, "அண்ணே, உங்க ஊர்ச் சுவரைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்கவேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. எழுந்து நின்றால் நான் கிறிஸ்தவன். உட்கார்ந்திருந்தால் இந்து. உட்கார்ந்தே இருந்தேன்.

தோழர்களே, மதங்களின் உரையாடல் என்று நாம் சொல்வதில் இந்த உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன இடம் என்பதுதான் இன்றைக்கு என்னுடைய கேள்வி. உன் நம்பிக்கையைத் திறந்து பேசு என்று எல்லாரையும் அழைக்கிறோம். ஆனால் திறந்து பேசினால் ஒருவனுக்குக் கைதட்டும், இன்னொருவனுக்குத் தண்டனையும் கிடைக்கிற இடத்தில் அது எப்படி உரையாடலாகும்?

தண்டனை என்று சும்மா சொல்லவில்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பெயரில் ஓர் ஆணை வந்தது. பட்டியல் சாதிகளின் பட்டியல் அது. அதில் மூன்றாவது பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிற யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார்கள் என்கிறது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நின்றார்கள். பழங்குடியினருக்கு இந்த நிபந்தனை கிடையாது, அவர்கள் எந்த மதத்தில் இருந்தாலும் பழங்குடிதான். தமிழ்நாட்டில் நாடார் ஒருவர் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருப்பார். நம்ம ஆள் கோயில் மாறினால் மட்டும் பட்டியல் மாறுகிறது. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர் என்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டார்கள். சேரி மாறவில்லை, செய்கிற வேலை மாறவில்லை, டீக்கடையில் தனி டம்ளர் மாறவில்லை. சர்க்காரின் காகிதம் மட்டும் மாறியது.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியலையும் பிரிக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டு, பிறகு அதற்குக் கால நீட்டிப்பும் கொடுத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயம் போய்வருகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண் இரண்டு பேரோடு வாழவேண்டிய நிலையை உண்டாக்கிய ஆணைக்கு என்ன பேர்?

சரி, மேடைக் கதை முடிந்தது. இப்போது அறைக் கதைக்கு வருகிறேன். உண்மையான உரையாடல் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அதே 1998 ஜனவரி. ரம்ஜான் நோன்பு. என் அறையில் என்னோடு இருந்தவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நம்ம மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனது நாட்டையே உலுக்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை ஒட்டி மாறிய குடும்பம் அவனுடையது. அப்போது அவனுக்கு ஐந்து வயசு. வீட்டில் வாப்பா என்று கூப்பிட அவனுக்குக் கடைசிவரை வரவில்லை, அப்பான்னுதான் கூப்பிடுவான். பக்கத்து அறையில் கோவைக்காரன் ஒருத்தன், அருந்ததியர் வீட்டுப் பையன்.

சஹருக்குச் சாப்பாடு வேண்டும் என்றால் மெஸ்ஸில், நாலு மணிக்கு எவன் எழுந்து உலை வைப்பான் என்றார்கள். அதனால் அறையிலேயே பம்ப் ஸ்டவ். விடுதி விதிப்படி குற்றம். ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு, குருணைக் கஞ்சியோ தக்காளிச் சோறோ பொங்குவோம். நோன்பு ஒருத்தனுக்குத்தான். எழுந்தது மூணு பேரும். அரிசி என் கணக்கு, மண்ணெண்ணெய் கோவைக்காரன் கணக்கு, முட்டை நோன்புக்காரன் கணக்கு.

ஒரு ராத்திரி, உலை கொதிக்கிறவரைக்கும் பேசிக்கிட்டிருந்தப்ப கோவைக்காரன் திடீர்னு கேட்டான்: "ஏனுங்க, உங்க மதத்துல செத்தா எங்கீங்க பொதைப்பாங்க?"

நான் கல்லறைச் சுவரைப் பற்றிச் சொன்னேன். திருநெல்வேலிக்காரன் கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்க கபரஸ்தான்ல சுவர் கெடையாதுடே. எங்க தாத்தாவ எல்லாரு பக்கத்துலயும்தான் அடக்கினாங்க. அவரு மதம் மாறுனதே அதுக்குத்தான்னு அப்பா சொல்லும். ஊருக்குள்ள 'ஏலே'ன்னு கூப்பிட்டவன் இப்ப 'வாங்க பாய்'ங்கான். அது பெருசுதான். ஆனா எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கப் போனா, நீங்க புதுசா வந்தவங்களான்னு கேக்கான்" என்றான்.

இரண்டு பேரும் கோவைக்காரனைப் பார்த்தோம். "எங்களுக்குச் சுடுகாடு இருக்குதுங்க, போறதுக்கு வழிதான் இல்லை. ஊர்த்தெரு வழியா பொணம் போகக்கூடாது. வயக்காட்டுல எறங்கித்தான் தூக்கிட்டுப் போகோணும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக இன்னொன்றும் சொன்னான். "உங்க ரெண்டு பேரு சேரியிலயும் எங்களுக்கு எடமில்லீங்களே. நாங்க சேரிக்கும் அந்தாண்டதான இருக்கோம்."

உலை பொங்கி வழிந்து ஸ்டவ் அணைந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் சொன்னது உண்மை. எங்க காலனியில் அருந்ததியர் வீட்டில் நாங்க தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆதிக்க சாதியிடம் கேட்கிற கேள்வியை நம்மிடமே கேட்கிறவன் எதிரே உட்கார்ந்து, நாம் எழுந்து ஓடாமல் இருந்தால், அங்கே உரையாடல் தொடங்குகிறது. அன்றைக்கு நாங்கள் பைபிளையும் குர்ஆனையும் ஒப்பிடவில்லை. கடவுள் ஒன்றா மூன்றா என்று விவாதிக்கவில்லை. எங்கே புதைக்கிறார்கள், யார் வீட்டில் பெண் கொடுக்கிறார்கள், யார் வீட்டில் தண்ணி குடிக்கிறார்கள் என்ற மூன்று கேள்விதான் கேட்டோம். எங்கள் மூவருடைய மதமும் அந்தக் கேள்விகள் முன்னால் அம்மணமாக நின்றது. அதற்குப் பிறகுதான் எங்களால் ஒருவர் நம்பிக்கையை மற்றவர் மதிக்கவும் முடிந்தது. அவன் ஏன் பசியோடு பகல் முழுக்க இருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. நான் ஏன் தாளம் போட்டுக்கொண்டு பாடுகிறேன் என்பது அவனுக்குப் புரிந்தது.

மாணவ நண்பர்களே, இதை நான் எங்கிருந்தோ கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் செய்ததுதான் இது. 1935 அக்டோபர் 13, இயோலா. இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். எல்லா மதத்துப் பெரியவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். அவர் உடனே எங்கும் போய்ச் சேர்ந்துவிடவில்லை. 1956 அக்டோபர் 14 வரைக்கும், இருபத்தொரு வருஷம் எல்லா மதங்களையும் விசாரித்தார். உன் கடவுள் எப்படிப்பட்டவர் என்று அவர் கேட்கவில்லை, என் மக்களை நீ எப்படி நடத்துவாய் என்று கேட்டார். அவருக்கு முன்பே நம் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தத்துக்குப் போனதும் இப்படித் தேடித்தான். மதத்தைச் சும்மா சுமந்தவர்கள் இல்லை நம் முன்னோர். கேள்வி கேட்டவர்கள்.

அம்பேத்கர் 1950இல் ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார். பின்னால் அதற்கு மிலிந்த் என்று பேர் வைத்தார்கள். மிலிந்தன் ஒரு கிரேக்க அரசன். நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டவன். அந்தக் கேள்வி பதில்கள் பாலி மொழியில் ஒரு நூலாகவே இருக்கின்றன. பேச்சைத் தொடங்கும் முன்னால் நாகசேனர் ஒரு நிபந்தனை போடுகிறார். அறிஞர்கள் பேசுவதுபோல் பேசுவதானால் வருகிறேன், அரசர்கள் பேசுவதுபோல் என்றால் வரமாட்டேன் என்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அறிஞர்கள் பேச்சில் மறுப்பு இருக்கும், தோல்வியும் இருக்கும், யாருக்கும் கோபம் வராது. அரசனை மறுத்துப் பேசினால் தண்டனை. வாசலில் கேள்வி கேட்டவன் பேரை எழுதிவைத்து, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்க ஒரு கல்லூரி! நம் வளாகங்களில் நடக்கிற நல்லிணக்க விழாக்கள் எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள்.

சிலர் கேட்கிறார்கள்: சிறுபான்மையினர் மீது தாக்குதல் நடக்கிற காலத்தில் அவர்களுக்குள் இருக்கிற சாதியை ஏன் கிளறுகிறீர்கள், அது இந்துத்துவத்துக்குத்தானே லாபம்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கோவைக் கலவரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஆனால் நம்மைப் பேசாமல் இருக்கச் சொல்வதால் யாருக்கும் பாதுகாப்பு வரவில்லை. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். மூடி வைத்தது வெடித்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் கத்தோலிக்கரில் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் தலித்துகள் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டதால் சபை இடிந்து விழவில்லை. உள்ளே இருக்கிற அநீதியைப் பேசுகிறவன்தான் வெளியிலிருந்து தாக்குதல் வரும்போதும் உண்மையாகக் கூட நிற்பான்.

அடுத்தது சோறு. வளாகத்தில் மதமும் சாதியும் சந்திக்கிற இடம் மெஸ்தான். ஆகஸ்ட் 15க்குக் கோயில்களில் சமபந்தி போஜனம் என்று ஒன்று நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவது செய்தியாகிறது என்றால், மிச்ச நாளெல்லாம் என்ன நடக்கிறது? 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாட்டுக்கறி விழா நடத்திய மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். 2017இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அப்படிச் சாப்பிட்ட ஆராய்ச்சி மாணவர் தாக்கப்பட்டார். 2018 டிசம்பரில் அதே வளாகத்து மெஸ் ஒன்றில், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று ஒட்டி வைத்தார்கள். யார் எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். நான் யாரையும் மாட்டுக்கறி தின்னச் சொல்லவில்லை. கை கழுவுகிற குழாயைப் பிரிப்பது விருப்பம் இல்லை. அது தீண்டாமை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று எல்லாரும் அழைத்த தியாபிலஸ் அப்பாவு ஒருவர் இருந்தார். 2005இல் காலமானார். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சமைக்காமல், எல்லாரும் அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் போட்டு எல்லாரும் சாப்பிடுவதை வழிபாட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் அவர். அவர் பாட்டையும் கருத்தையும் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பம்ப் ஸ்டவ்வுக்கு இப்படி ஒரு இறையியல் இருக்கிறது என்று அப்போது தெரியாது.

ஆகவே உங்கள் வட்டத்துக்கு நான் சொல்ல விரும்புவது நாலு விஷயம்.

ஒன்று, மதத்துக்கு ஒரு பிரதிநிதி வேண்டாம். பிரதிநிதி என்று வைத்தால் பேசத் தெரிந்தவன், பேச அனுமதி உள்ளவன், பெரும்பாலும் ஆண், அவன்தான் வருவான். பெண்கள் விடுதிக் கதவைப் பூட்டுகிற நேரத்துக்குப் பிறகு கூட்டம் வைக்காதீர்கள். மதம் வேண்டாம் என்கிற பெரியார் தோழருக்கும் பாயில் இடம் வேண்டும்.

இரண்டு, உட்காருகிறவனிடம் உன் மதம் என்ன என்று முதலில் கேட்காதீர்கள். பதிவேடு வைக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். சொல்ல விரும்பினால் சொல்வான். சொல்லாமல் இருப்பவனுக்குக் காரணம் இருக்கும்.

மூன்று, அந்த மூன்று கேள்விகள். கல்லறை, கல்யாணம், தண்ணீர். வேத வசனம் அதற்குப் பிறகு வரட்டும். கேட்கிறவன் தன் ஊரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அடுத்தவன் மதத்தில் இருக்கிற அழுக்கைத் தோண்டுவதற்கு இந்தக் கேள்விகளை வைத்தால் அது சண்டையாகத்தான் முடியும்.

நான்கு, 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி எல்லா மத மாணவர்களும் சேர்ந்து கையெழுத்து வாங்குங்கள். குறிப்பாக இந்து தலித் தோழர்களுக்குச் சொல்கிறேன். பங்கு குறைந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. ஆள் கூடினால் பங்கும் கூடவேண்டும் என்று சேர்த்துக் கேட்போம். நம் பயத்தைக் காட்டி நம் அண்ணன் தம்பியைப் பிரித்து வைக்க விடக்கூடாது.

முடிக்கிறேன். 2019இல் அந்தக் கோவைக்காரனின் அம்மா இறந்துபோனார். திருநெல்வேலிக்காரன் ரயிலேறி வந்தான். நானும் போனேன். ஊர்த்தெரு வழியாக இன்னும் விடவில்லை. நடவு முடிந்த வயல். முழங்கால் சேற்றில் பாடையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனோம். தாடியும் தொப்பியுமாக ஒருத்தன் முன்னால் தோள் கொடுக்கிறதைப் பார்த்து ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு ராத்திரி மூணு பேரும் அவன் வீட்டில்தான் சாப்பிட்டோம். அவன் வீட்டுச் சொம்பில் தண்ணி வாங்கிக் குடித்தேன். இருபது வருஷம் தாமதம்.

இந்த உரையை உங்கள் நண்பர்கள் பத்திரிகையில் போடப்போவதாகச் சொன்னார்கள். போடுங்கள். பேர் மட்டும் வேண்டாம். வேலையில் இருக்கிறேன், பிள்ளைகள் படிக்கிறார்கள். கோழை என்று நினைத்தாலும் பரவாயில்லை. இதைச் சொன்னவன் தன் ரெண்டு பேரில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்கிற நாள் வரைக்கும் உங்கள் வட்டத்துக்கு வேலை இருக்கிறது.

அவ்வளவுதான். இனி நீங்க கேளுங்க. எதுவானாலும் கேளுங்க, எனக்குக் கோபம் வராது.